ஓசிடி: எந்த முறையை எப்போது எடுப்பது

ஆலோசனைப் பயிற்சி முடித்து, ஆட்களைப் பார்க்கத் தொடங்கிவிட்ட உங்களுக்காக இந்த அத்தியாயம். படிக்கும்போது ஐந்தாறு முறைகளைக் கற்றிருப்பீர்கள். ஓசிடி உள்ளவர் எதிரே வந்து உட்கார்ந்ததும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கத் தோன்றும். ஒரு வாரம் மூச்சுப் பயிற்சி, அடுத்த வாரம் எண்ணப் பதிவு, அதற்கடுத்த வாரம் சிறுவயதுக் கதை. இந்தக் கதம்பம் ஓசிடியில் எடுபடாது. பல நேரம் நோய்க்கே தீனியாகவும் போய்விடும்.

முறைகளைச் சேர்க்கலாம், சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் நடுவில் ஈ.ஆர்.பி. நிற்க வேண்டும். பயத்தைக் கிளப்பும் சூழலுக்குள் தெரிந்தே போவது, போனபின் வழக்கமாகச் செய்யும் கட்டாயச் செயலைச் செய்யாமல் இருப்பது: இவ்வளவுதான் ஈ.ஆர்.பி. 1966இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையின் விக்டர் மேயர் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்து எழுதினார். அதுவரை ஓசிடி பேச்சு சிகிச்சையால் அசையாத நோய் என்று கருதப்பட்டது. இன்றும் சான்று அதிகம் உள்ள உளவியல் சிகிச்சை இதுதான். மற்ற முறைகள் எல்லாம் இதைச் செய்யவைக்க, செய்யும்போது நிலைக்கவைக்க, செய்தபின் காப்பாற்ற வருகின்றன.

ஒரே உதாரணத்தை அத்தியாயம் முழுக்கக் கொண்டுபோகிறேன். முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண், கற்பனை உருவம். இரவு சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவார். படுத்தபின் எழுந்து வந்து தொட்டுப் பார்ப்பார். ஸ்டவ் குமிழ்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணுவார். வெளியூர் கிளம்பினால் ரெகுலேட்டரைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பத் திரும்பப் பார்ப்பார். “மூடிட்டேன்ல?” என்று கணவரைக் கேட்பார்.

தொடங்கும் முன்: நான்கு பாதுகாப்புக் கேள்விகள்

இவற்றைத் தாண்டாமல் எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

1. தற்கொலை எண்ணம் இருக்கிறதா? சுற்றி வளைக்காமல் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இருந்தால் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். தனியே அனுப்ப வேண்டாம். டெலிமானஸ் எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசுவார்கள். அதை எழுதியே கொடுங்கள்.

2. இது ஓசிடிதானா? “குழந்தையைக் கத்தியால குத்திடுவேனோ” என்று நடுங்கி, கத்திகளை ஒளித்து வைக்கும் தாய் பெரும்பாலும் ஓசிடி உள்ளவர். அந்த எண்ணத்தை வெறுப்பதால்தான் அவர் தவிக்கிறார். அவரைக் குழந்தையிடமிருந்து பிரிக்கச் சொல்லி வீட்டாரைப் பயமுறுத்திவிடாதீர்கள். ஆனால் குரல் கேட்கிறது, குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று உறுதியாக நம்புகிறார், நாள்கணக்கில் தூக்கமில்லை, பேச்சு குழம்புகிறது என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸாக இருக்கலாம். அது மருத்துவ அவசரம். தாயையும் குழந்தையையும் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எது என்று உங்களுக்குத் தெளிவில்லாவிட்டால் அன்றே மருத்துவர் பார்க்கட்டும்.

3. உடல் எப்படி இருக்கிறது? கிருமிநாசினியில் கை கழுவிக் கழுவி தோல் வெடித்திருக்கலாம். அசுத்தம் என்ற பயத்தில் சாப்பாடும் தண்ணீரும் குறைந்திருக்கலாம். ஒரு குழந்தைக்கு ஓரிரு நாளில் திடீரென்று எல்லாம் தொடங்கியிருந்தால் முதலில் குழந்தை மருத்துவர் பார்க்கட்டும்.

4. மனச்சோர்வு எவ்வளவு? படுக்கையை விட்டு எழ முடியாதவரிடம் பயத்தை எதிர்கொள்ளச் சொல்வது வீண். மருத்துவரிடம் அனுப்பிவிட்டு, குளிப்பது, வாசலில் பத்து நிமிடம் நடப்பது என்று சின்ன வேலைகளில் தொடங்குங்கள்.

படி 1: சுழற்சியை வரைந்து காட்டுங்கள்

ஒரு தாளில் வட்டமாக எழுதுங்கள்: தூண்டுதல், எண்ணம், பதற்றம், கட்டாயச் செயல், தற்காலிக நிம்மதி, மீண்டும் தூண்டுதல். அந்த நிம்மதிதான் நோயை வளர்க்கிறது என்பதை அவரே விரல் வைத்துக் காட்டும்வரை பேசுங்கள். கோட்பாடு இவ்வளவு போதும்.

பிறகு ஒரு வாரம் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எது தூண்டியது, என்ன செய்தார், எவ்வளவு நேரம். கூடவே ஓசிடியின் கடுமையை அளக்கும் ஒய்-பாக்ஸ் அளவுகோலைப் போடுங்கள். பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 16 முதல் நடுத்தரம், 24 முதல் கடுமை, 32 முதல் மிகக் கடுமை. கடைசிப் பிரிவில் வருபவரைத் தனியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

*வழக்கமான தவறு:* கண்ணுக்குத் தெரியும் செயலை மட்டும் பட்டியலிடுவது. “மனசுக்குள்ள ஏதாவது சொல்லிக்குவீங்களா, எண்ணுவீங்களா, நடந்ததைத் திரும்ப ஓட்டிப் பாப்பீங்களா?” என்று கேளுங்கள். நம் உதாரணப் பெண் ரெகுலேட்டரை மூடிய கணத்தைப் படுக்கையில் கிடந்தபடி மனதில் ஓட்டிப் பார்க்கிறார். அதுவும் கட்டாயச் செயல்தான். அதை விட்டுவிட்டால், எழுந்து போவது நின்ற பிறகும் நோய் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

படி 2: விருப்பத்தை அவர் வாயால் சொல்லவையுங்கள்

இங்கே வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணல் உதவும். மாற வேண்டிய காரணங்களை நீங்கள் அடுக்கினால், மாற முடியாத காரணங்களை அவர் அடுக்குவார். வாதம் வேண்டாம், கேள்வி போதும்.

“இந்தப் பயிற்சிக்கு நீங்க எவ்வளவு தயார்? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள சொல்லுங்க.”

“ஒரு நாலு இருக்கும், மேடம்.”

“நாலா? ஏன் ரெண்டுன்னு சொல்லல?”

கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதில் முழுக்க மாற்றத்தின் பக்கமே இருக்கும். அடுத்து, “ராத்திரி போற இந்த ஒரு மணி நேரம் திரும்பக் கிடைச்சா என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். “பொண்ணுக்குக் கதை சொல்லித் தூங்க வைப்பேன்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி வையுங்கள். படி 5இல் வேண்டியிருக்கும்.

படி 3: எண்ணத்தோடு கொஞ்சம் பேசுங்கள், அதிகம் வேண்டாம்

சி.பி.டி.யிலிருந்து இரண்டே பொருள்களை எடுங்கள்.

முதலாவது, வேண்டாத எண்ணம் வருவது இயல்பு என்ற செய்தி. 1978இல் ஸ்டான்லி ராக்மனும் இலங்கையில் பிறந்த உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் நடத்திய ஆய்வில், நோய் இல்லாத பெரும்பாலானவர்களுக்கும் இதே மாதிரியான எண்ணங்கள் வருவது தெரிந்தது. உள்ளடக்கத்தில் பெரிய வேறுபாடில்லை. வந்ததை எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. தன்னை ராட்சசி என்று நினைத்துக்கொண்டு வந்தவருக்கு இதைக் கேட்டதும் தோள் இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

இரண்டாவது, பொறுப்பைப் பங்கு போடுவது. “கேஸ் கசிந்தால் அதற்கு யார் யார் காரணமாக இருக்கலாம்?” ரப்பர் குழாய், ரெகுலேட்டரின் வால்வு, பொருத்திய மெக்கானிக், கடைசியாகப் பால் காய்ச்சிய மாமியார், கணவர் என்று எழுதி ஒவ்வொருவருக்கும் சதவீதம் போடச் சொல்லுங்கள். தன் பெயரைக் கடைசியாக எழுதச் சொல்லுங்கள். நூறு சதவீதப் பொறுப்பும் தன்னுடையது என்ற பிடி தளரும்.

இதை ஒருமுறை செய்யுங்கள். அடுத்த வாரம் வந்து “அந்தக் கணக்க இன்னொரு தடவ போட்டுக் காட்டுங்களேன்” என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். இப்போது அந்தக் கணக்கே கட்டாயச் செயலாகிவிட்டது. “கேஸ் வெடிக்க எத்தனை சதவீத வாய்ப்பு?” என்று ஆராய்வதும் அப்படியே. ஓசிடி உறுதியைக் கேட்கும் நோய். புள்ளிவிவரத்தைக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு இன்னொன்று கேட்கும். எண்ணப் பதிவேடு எழுதியே பழகிய ஆலோசகர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. மொத்தம் இரண்டு அமர்வு, அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு.

படி 4: ஈ.ஆர்.பி.

உங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் இங்கே போக வேண்டும்.

*ஏணியை எழுதுதல்.* பதற்றம் எவ்வளவு இருக்கும் என்று நூற்றுக்கு அவரே மதிப்பெண் போடட்டும். நம் உதாரணப் பெண்ணின் ஏணி இப்படி இருக்கலாம்:

- ரெகுலேட்டரை மூடி, ஒரே ஒருமுறை பார்த்துவிட்டுப் படுக்கப் போவது: 40
- படம் எடுக்காமல் தெருமுனைக் கடைக்குப் போய்வருவது: 50
- கைப்பேசியில் சேர்ந்திருக்கும் ரெகுலேட்டர் படங்களை அழிப்பது: 55
- காலையில் டீ போட்டுவிட்டு, கடைசி ஆளாக வீட்டைப் பூட்டிக் கிளம்புவது: 70
- “சரியா மூடாம வந்திருக்கலாம்” என்று தாளில் எழுதி, வாய்விட்டுப் படித்துவிட்டு சினிமாவுக்குப் போவது: 80
- யாரும் இல்லாத வீட்டைப் பூட்டிவிட்டு அம்மா வீட்டில் ஓர் இரவு தங்குவது: 90

எச்சரிக்கை: ரெகுலேட்டரைத் திறந்து வைப்பது பயிற்சி அல்ல. நிஜ ஆபத்து எதுவும் ஏணியில் ஏறக் கூடாது. கழுவும் பிரச்சினை உள்ளவரைச் சாக்கடையில் கை விடச் சொல்லாதீர்கள். பஸ் கம்பியைப் பிடித்த கையால் முறுக்கு தின்பது போதும், அதை ஊரே செய்கிறது. ரப்பர் குழாயைக் காலாவதி தேதிக்குள் மாற்றுவது எல்லோரும் எடுக்கும் கவனம், அது தொடரட்டும். மாதாமாதம் மெக்கானிக்கைக் கூப்பிடுவது ஓசிடி.

*ஓர் அமர்வின் வரிசை.* 60 முதல் 90 நிமிடம் ஒதுக்குங்கள்.

1. செய்யும் முன் கணிப்பை எழுதச் சொல்லுங்கள். “என்ன நடக்கும்னு பயம்? பதற்றம் எவ்வளவு நேரம் இருக்கும்? தாங்க முடியும்னு நினைக்கிறீங்களா?”
2. செய்யட்டும். வீட்டுப் பயிற்சியை அவர் வீட்டிலேயே செய்வது நல்லது. போக முடியாவிட்டால் வீடியோ அழைப்பு போதும்.
3. பதற்றத்தோடு இருக்கவிடுங்கள். ஊர்க்கதை பேசித் திசை திருப்பாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மதிப்பெண் மட்டும் கேளுங்கள்.
4. மதிப்பெண் இறங்கியே ஆக வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். சில நாள் இறங்காது. கட்டாயச் செயலைச் செய்யாமலே பதற்றத்தைத் தாங்க முடிந்தது என்பதும் பாடம்தான்.
5. முடிந்ததும் கணிப்புத் தாளை எடுங்கள். “நீங்க எழுதினது என்ன, நடந்தது என்ன? எது ஆச்சரியமா இருந்தது?”
6. வீட்டுப்பாடம்: தினமும் செய்ய வேண்டும், வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு இடத்தில். வாரம் ஒருமுறை உங்கள் அறையில் மட்டும் செய்தால் பழக்கம் உங்கள் அறையிலேயே நின்றுவிடும்.

*உதவிக் குறிப்பு:* பாதியில் தாங்க முடியாமல் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டாரா? திட்ட வேண்டாம். அந்த நிம்மதியைக் கலைக்கும்படி உடனே ஒரு வாக்கியம் சொல்லட்டும்: “பாத்தது சரியா இல்லாமலும் இருக்கலாம்.” பிறகு அந்தப் பயிற்சியை மறுபடி தொடங்கலாம்.

*பெரிய தவறு, அதுவும் நல்ல மனம் உள்ளவர்கள் செய்வது:* “ஒண்ணும் ஆகாது, தைரியமா பண்ணுங்க.” அந்த “ஒண்ணும் ஆகாது” அவருக்கு நீங்கள் கொடுத்த மாத்திரை. அவர் பயத்தை எதிர்கொள்ளவில்லை, உங்கள் உறுதிமொழியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். “என்ன ஆகும்னு எனக்கும் தெரியாது. தெரியாமலே இருந்து பாக்கலாம்” என்று சொல்லப் பழகுங்கள். முதலில் நாக்கு கூசும். இதே காரணத்துக்காக, இரண்டு மூன்று வாரத்துக்குப் பின் நீங்கள் கூட இருப்பதையும் குறைக்க வேண்டும்.

அவருக்குத் தெரியாமல் திடீர்ப் பயிற்சி வைப்பது, கையைப் பிடித்து நிறுத்துவது, கதவைப் பூட்டுவது எதுவும் கூடாது. ஒவ்வொரு படிக்கும் அவர் சம்மதம் வேண்டும்.

படி 5: தயங்கி நிற்கும் இடத்தில் ஆக்ட்

ஆக்ட் (ஏற்பு, ஈடுபாட்டு சிகிச்சை) எல்லாருக்கும் தேவைப்படாது. 2018இல் மைக்கேல் டூஹிக் குழு வெளியிட்ட ஆய்வில், ஆக்ட் சேர்த்த ஈ.ஆர்.பி.யும் தனி ஈ.ஆர்.பி.யும் கிட்டத்தட்ட ஒரே பலனையே தந்தன. ஆகவே ஏணியின் பாதியில் நின்றுவிடுபவருக்கு மட்டும் இதை எடுங்கள்.

அவர் “ரெகுலேட்டர் தொறந்திருக்கு” என்று சொல்லும்போது, “‘ரெகுலேட்டர் தொறந்திருக்குன்னு எனக்கு ஒரு எண்ணம் வருது’ன்னு சொல்லிப் பாருங்க” என்று கேளுங்கள். எண்ணத்துக்கும் அவருக்கும் நடுவே சற்று இடைவெளி விழும். அதை மறுக்க வேண்டாம், விரட்டவும் வேண்டாம். பிறகு படி 2இல் எழுதி வைத்த வரியை எடுத்துக் கையில் கொடுங்கள். “இந்த எண்ணம் கூடவே வரட்டும். நீங்க பொண்ணுக்குக் கதை சொல்லப் போங்க.”

மனக்கவனப் பயிற்சி தந்தால் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். பதற்றம் வந்ததும் கண்ணை மூடி மூச்சை எண்ண ஓடுகிறார் என்றால் பழைய சடங்கு போய்ப் புதியது வந்திருக்கிறது.

படி 6: வீட்டாரை உள்ளே கொண்டுவாருங்கள்

“ஒரு தடவ பாத்துட்டு வந்துடும்மா, நிம்மதியாத் தூங்கலாம்” என்று மாமியார் சொல்வது அன்பினால். கணவர் “மூடிட்ட, மூடிட்ட” என்று பதில் சொல்வதும் அப்படியே. இரண்டும் சுழற்சியைச் சுற்றிவிடுகின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கிய ‘ஸ்பேஸ்’ முறையில், குழந்தையை விட்டுவிட்டுப் பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி தருகிறார்கள். வீட்டார் நடந்துகொள்ளும் விதம் மாறுவது அவ்வளவு முக்கியம்.

1. வீட்டார் நோய்க்காகச் செய்யும் உதவிகளைப் பட்டியலிடுங்கள்: பதில் சொல்வது, தாங்களே போய்ப் பார்ப்பது, கிளம்ப நேரமானாலும் காத்திருப்பது.
2. எளிதான ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.
3. அவர் முன்னிலையில், முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.
4. என்ன பேசுவது என்பதை அறையிலேயே ஒத்திகை பாருங்கள்.

“ஏங்க, மூடிட்டேன்ல?”

“இது ஓசிடி கேக்குற கேள்விம்மா. பேசி வெச்சபடி நான் பதில் சொல்லப் போறதில்ல. கஷ்டமா இருக்குன்னு தெரியுது. கூடவே உக்காந்திருக்கேன்.”

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிட்டால் அது வெறும் புறக்கணிப்பு. அதே போல, “பைத்தியம் மாதிரி பண்ணாத” என்று கத்துவதும், குளியலறைத் தண்ணீரை நிறுத்துவதும் சிகிச்சையில் சேராது. கண்டிப்பும் வசையும் நோயை ஏற்றிவிடும்.

மருந்து எடுப்பவராக இருந்தால்

ஃபுளுவாக்ஸிடின், செர்ட்ராலின், ஃபுளுவோக்ஸமின் போன்ற மருந்துகள் ஓசிடியில் பயன் தருபவை. மனச்சோர்வுக்குத் தருவதைவிட அளவு பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். “மாசக் கணக்கா சாப்பிடுறேன், ஒண்ணும் தெரியல” என்று அவர் சொன்னால் மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள். நிறுத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை. 25 வயதுக்குட்பட்டவர் மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணத்தை மறுபடி மறுபடி விசாரியுங்கள். பயிற்சிக்கு முன் பதற்ற மாத்திரை போட்டுக்கொண்டு வருவது பயிற்சியின் பலனைக் குறைக்கும். இதையும் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள், நீங்களாக அல்ல.

சேர்க்கக் கூடாதவை

மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் போட்டுச் சுண்டி எண்ணத்தை நிறுத்தும் உத்தி இன்னும் சில பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தரப்படுகிறது. விட்டுவிடுங்கள், விரட்டப்படும் எண்ணம் திரும்பி வரும். உடல் தளர்வுப் பயிற்சியை ஆய்வுகளில் ஒப்பீட்டுக்காகவே வைப்பார்கள், ஓசிடிக்கு அதன் பலன் அவ்வளவு குறைவு. சிறுவயதுக் காயங்களைத் தோண்டும் நீண்ட உரையாடல் வேறு பிரச்சினைக்கு உதவலாம். ஆனால் ஈ.ஆர்.பி. தொடங்காமல் மாதக்கணக்கில் அதையே செய்தால், அது ஆலோசகரும் சேர்ந்து தப்பித்துக்கொள்வது.

சாமி, தீட்டு, பாவம் சார்ந்த எண்ணங்கள்

பூஜையறையில் ஆபாச எண்ணம், தொழுகையில் ஓதியது சரியா என்ற சந்தேகம், சிலுவையைப் பார்த்ததும் வசைச்சொல். இங்கே நீங்கள் நம்பிக்கையோடு மோதக் கூடாது. அவர் மதிக்கும் குருக்களையோ இமாமையோ போதகரையோ ஒரே ஒருமுறை சந்தித்து, சாதாரண பக்தர் எவ்வளவு செய்தால் போதும் என்று கேட்டுவரட்டும். அதுதான் எல்லைக்கோடு. இரண்டாம் முறை கேட்பது உறுதிமொழி தேடல். பயிற்சி, மதத்தை மீறச் சொல்வதாக இருக்க வேண்டாம். எண்ணம் வந்தபோதும் பரிகார மந்திரம் சொல்லாமல் பூஜையைத் தொடர்வது போதும். தீட்டு விஷயத்தில் வீட்டின் வழக்கம் எது, நோயின் கூடுதல் எது என்று பிரிக்க, அதே வீட்டின் மற்றப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

முன்னேற்றத்தை அளப்பதும் பின்னடைவும்

நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒய்-பாக்ஸ் போடுங்கள். தொடக்க மதிப்பெண்ணிலிருந்து 35 சதவீதம் குறைந்தால் சிகிச்சை பலித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். வாரம் ஒரு அமர்வு என்று 12 முதல் 20 அமர்வுகள் ஆகும்.

அசையவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்: வீட்டுப்பாடம் நிஜமாக நடக்கிறதா? மனதுக்குள் கட்டாயச் செயல் ஒளிந்திருக்கிறதா? வீட்டில் யாராவது இன்னும் பதில் சொல்கிறார்களா? நீங்கள் சொல்கிறீர்களா? நான்கும் சரியாக இருந்தும் நகராவிட்டால், அனுபவம் மிக்கவரிடம் அனுப்புங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

நின்ற நோய் வேறு உருவில் தலைகாட்டும். ரெகுலேட்டர் போய் வாசல் பூட்டு வரும், அல்லது மகளின் காய்ச்சல் பற்றிய பயம் வரும். கடைசி இரண்டு அமர்வுகளை இதற்கே வையுங்கள். வாசல் பூட்டுக்கு ஓர் ஏணியை அவரே எழுதட்டும், மதிப்பெண்ணும் அவரே போடட்டும். நீங்கள் படித்துப் பாருங்கள். “இது சரியா மேடம்?” என்று அவர் கேட்டால், அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாதீர்கள்.